நீரில் நுண்பிளாஸ்டிக்: புனே ஆறுகள் தரும் பாடம்

மகாராஷ்டிர மாநிலத்தில், முன்னர்ப் பூனா என வழங்கப்பட்ட புனே நகரத்தில் முளா, முட்டா என்னும் இரண்டு ஆறுகள் ஒன்றுகூடுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வரும் முட்டா ஆறு கடக்வாஸ்லா நீர்த்தேக்கத்தைக் கடந்து நகரினுள் நுழைகிறது. நகர மக்களின் குடிநீர் பெரும்பாலும் இத்தேக்கத்திலிருந்தே பெறப்படுகிறது. நகரின் நடுவே சங்கம் எனப்படும் இடத்தில் இரண்டு ஆறுகளும் கலந்து, முளா–முட்டா என்னும் ஒரே ஆறாகக் கிழக்கு நோக்கிச் சென்று பீமா நதியில் சேருகின்றன. பீமா நதி சோலாப்பூர் மாவட்டத்தில் உஜனி அணையை நிரப்புகிறது. பண்டரிபுரத்தில் சந்திரபாகா என்னும் பெயருடன் யாத்திரிகர்கள் நீராடும் துறையாகிறது. பின்னர்க் கிருஷ்ணா நதியில் கலக்கிறது. கிருஷ்ணா நீரில் ஒரு பகுதி ஸ்ரீசைலம் தேக்கத்திலிருந்து தெலுங்கு கங்கைத் திட்டக் கால்வாய்களின் வழியாக, 1996-ஆம் ஆண்டு முதல், சென்னைக்கு நீர் வழங்கும் பூண்டி நீர்த்தேக்கத்தை வந்தடைகிறது.

ஆகவே, மேல்நிலத்து நகரமொன்று ஆற்றில் விடும் பொருள் அந்நகரத்தோடு நின்றுவிடுவதில்லை. அப்பொருள் பெரியதாக இருப்பின் யாரேனும் ஒருவர் அதனைக் கையால் எடுத்து அப்புறப்படுத்தலாம். அதுவே கண்ணுக்குப் புலப்படாத பொடியாகிவிட்டால், எடுப்பவர் எவரும் இலர். நுண்பிளாஸ்டிக் பற்றிய விஞ்ஞானம் முழுவதிலும் களப் பணியாளர்களும் ஆசிரியர்களும் முதலில் மனத்திற் கொள்ள வேண்டிய உண்மை இதுவே: பிளாஸ்டிக்கை முழுப் பொருளாக இருக்கும்பொழுதே தடுத்தல் எளிது; பொடியான பின் நீரிலிருந்து பிரித்தல் மிக அரிது.

நுண்பிளாஸ்டிக் என்பது யாது?

ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்த அளவுள்ள பிளாஸ்டிக் துணுக்குகள், இழைகள், மணிகள், தாள் சிதறல்கள் ஆகிய யாவும் நுண்பிளாஸ்டிக் எனப்படும். ஓர் எள்ளைவிடச் சற்றுப் பெரிய துணுக்கு முதல், நுண்ணோக்கியால் மட்டுமே காணக்கூடிய துகள் வரை இதில் அடங்கும்.

கடல் நீரின்மேல் சிறு பிளாஸ்டிக் துணுக்குகள் மிதப்பதை 1972-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அட்லாண்டிக் சமுத்திரத்தின் சர்காசோக் கடற்பகுதியில் கண்டு தெரிவித்தனர். எனினும், இதற்கு நுண்பிளாஸ்டிக் என்னும் பெயர் பரவியது, இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்டு தாம்ஸனும் அவருடைய குழுவினரும் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சிக்குப் பின்னரே. ஐந்து மில்லிமீட்டர் என்னும் வரம்பு 2008-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கூடிய விஞ்ஞானிகளின் கலந்தாய்வில் வகுக்கப்பட்டது.

இத்துகள்கள் தோன்றும் விதத்தைக் கொண்டு அவற்றை இரு வகையாகப் பிரிப்பர். தொடக்கத்திலேயே சிறியனவாகச் செய்யப்படுபவை முதல் வகை. பிளாஸ்டிக் சாமான்களை வார்ப்பதற்கு மூலப்பொருளாக உதவும் குருணைகளும், முகம் தேய்க்கும் பூச்சுகளில் சேர்க்கப்பட்டு வந்த நுண்மணிகளும் இவ்வகையின. பெரிய பொருள்கள் சிதைவதால் உண்டாகுபவை இரண்டாம் வகை. பைகள், புட்டிகள், கயிறுகள், ஆடைகள், வாகன டயர்கள் ஆகியவற்றிலிருந்து உதிர்பவை இதில் அடங்கும்.

பிளாஸ்டிக் எவ்வாறு பொடியாகிறது?

பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள் போன்றவை. சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர்களும் காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்ந்து இச்சங்கிலிகளை ஆங்காங்கே அறுத்துவிடுகின்றன. அதனால் வளையுந் தன்மை குறைந்து, பொருள் நொறுங்கும் நிலையை அடைகிறது. வெயிலில் நெடுநாள் கிடந்த பிளாஸ்டிக் வாளியின் விளிம்பை விரலால் அழுத்தினால் அது உடைந்து விழுவதை யாவரும் கண்டிருப்பர். அவ்வாறு நொய்ந்த பொருளை ஆற்று மணலும் கல்லும் உராய்ந்து மேலும் பொடியாக்குகின்றன. ஆற்றங்கரையில் வெயிலில் கிடக்கும் பை விரைவிலும், மண்ணின் ஆழத்தில் புதைந்த பை மிக மெதுவாகவும் சிதைவதற்குக் காரணம் இதுவே.

இங்கு ஒரு முக்கியமான வேறுபாட்டைக் கருத வேண்டும். ஓர் இலை மக்கும்பொழுது நுண்ணுயிர்கள் அதனை உண்டு கரியமில வாயுவாகவும் நீராகவும் உரமாகவும் மாற்றுகின்றன. இலை என்பது இல்லாமற் போகிறது. பிளாஸ்டிக் சிதையும்பொழுது அது மறைவதில்லை, எண்ணிக்கையில் பெருகுகிறது. ஒரு ஸெண்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரம் ஒன்றை எடுத்துக்கொள்வோமாயின், அதன் மேற்பரப்பு 6 சதுர ஸெண்டிமீட்டர். அதனை ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள சிறு கனசதுரங்களாக நறுக்கினால் 1,000 துண்டுகளும் மொத்தம் 60 சதுர ஸெண்டிமீட்டர் மேற்பரப்பும் கிடைக்கும். மில்லிமீட்டரில் பத்திலொரு பங்காக நறுக்கினால் 10 லட்சம் துண்டுகளும் 600 சதுர ஸெண்டிமீட்டர் மேற்பரப்பும் உண்டாகும். பொருளின் எடை மாறவில்லை. ஆனால் நீரோடு தொடர்புகொள்ளும் பரப்பு நூறு மடங்காகிவிட்டது. அப்பரப்பின்மீது பாக்டீரியாக்களும், நீரிலுள்ள பூச்சிமருந்து முதலிய இரசாயனப் பொருள்களும் ஒட்டிக்கொள்ளுகின்றன. இந்தக் கணக்கை மேல்வகுப்பு மாணாக்கர்கள் தாமே போட்டுப் பார்ப்பது நலம்.

நகரத்திலிருந்து ஆற்றுக்கு நான்கு வழிகள்

புனே போன்ற பெருநகரத்திலிருந்து இத்துகள்கள் ஆற்றை அடையும் வழிகள் முக்கியமாக நான்கு.

முதலாவது, ஓடைகளும் ஆற்றங்கரையும். தெருவில் எறியப்பட்ட மெல்லிய பைகளும் தின்பண்ட உறைகளும் மழை நீரால் ஓடைக்குள் அடித்துச் செல்லப்பட்டு, கரையோரச் செடிகளிலும் பாலத் தூண்களிலும் சிக்கி, வெயிலில் காய்ந்து நொறுங்குகின்றன.

இரண்டாவது, துணி துவைத்த நீர். பாலியெஸ்டர், நைலான், அக்ரிலிக் ஆகியவை யாவும் பிளாஸ்டிக் நூல்களே. இவற்றாலான ஆடைகளைத் துவைக்கும் ஒவ்வொரு தடவையும் மெல்லிய இழைகள் உதிர்கின்றன. துணி துவைக்கும் இயந்திரத்தில் 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒரு முறை துவைத்தால் 7 லட்சத்திற்கு மேற்பட்ட இழைகள் வெளியேறக்கூடும் எனப் பிளிமத் பல்கலைக்கழகத்தார் 2016-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். பருத்தி கலந்த பாலியெஸ்டர் துணியில் இத்தொகை ஏறக்குறைய 1,38,000 ஆக இருந்தது. இவ்விழைகள் சாக்கடை வழியே சுத்திகரிப்பு நிலையத்தையோ, அது இல்லாவிடத்து நேரே ஆற்றையோ அடைகின்றன.

மூன்றாவது, சாலைப் புழுதி. இக்காலத்து டயர்களில் செயற்கை ரப்பர் பெரும்பங்கு வகிக்கிறது. வண்டி ஓடுந்தோறும் டயர் தேய்கிறது. தேய்ந்த பொடி சாலையோரத்தில் தங்கி, முதல் மழையில் வடிகாலுக்குள் செல்லுகிறது. இரு சக்கர வாகனங்கள் மிகுந்த புனே நகரத்தில் இவ்வழி எளிதில் புறக்கணிக்கத்தக்கதன்று.

நான்காவது, விளைநிலம். பயிர் வரிசைகளுக்கிடையே களையைத் தடுக்க விரிக்கப்படும் மெல்லிய மல்ச்சிங் தாள், அறுவடைக்குப்பின் முழுவதுமாக அகற்றப்படாவிடில் உழவில் கிழிந்து மண்ணோடு கலந்துவிடுகிறது. பின்னர் மழை நீர் அதனை வாய்க்காலுக்குக் கொண்டு செல்லுகிறது.

ஆற்றினுள் இத்துகள்கள் நடந்துகொள்ளும் விதம்

1916-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, இன்று கடக்வாஸ்லாவில் இயங்கிவரும் மத்திய நீர், மின்விசை ஆராய்ச்சி நிலையத்தில் ஆற்றோட்டமும் வண்டலும் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகின்றன. நீரின் வேகம் குறையுமிடத்தில் வண்டல் படிகிறது. வேகம் மிகுந்தால் படிந்தது கிளம்பிச் செல்லுகிறது. நுண்பிளாஸ்டிக் துகள்களும் பெரும்பாலும் இவ்விதியையே பின்பற்றுகின்றன. பாலிதீனும் பாலிபுரொப்பிலீனும் நீரைவிட அடர்த்தி குறைந்தவையாதலின் முதலில் மிதக்கும். நாளடைவில் பாசியும் நுண்ணுயிர்களும் அவற்றின்மேல் படர்வதால் கனம் ஏறி அவையும் அடியில் தங்கும். நைலான், பாலியெஸ்டர் முதலியவை நீரைவிட அடர்த்தி மிகுந்தவையாதலின் தாமாகவே அமிழும்.

இக்காரணத்தால், கோடைக்காலத்தில் நீர் குறைந்து தேங்கி நிற்கும் ஆற்றுப்படுகை துகள்களின் களஞ்சியமாகிறது. மழைக்காலத்தில் அக்களஞ்சியம் திறக்கப்படுகிறது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரைச் சுற்றியுள்ள ஆறுகளில் 40 இடங்களின் படுகை மண்ணை, 2015–16 குளிர்கால வெள்ளத்திற்கு முன்னும் பின்னும் ஆராய்ந்ததில், படுகையிலிருந்த நுண்பிளாஸ்டிக்கில் ஏறக்குறைய 70 சதவீதம் வெள்ளத்தால் அடித்துச் செல்லப்பட்டமை தெரியவந்தது. புனேயிலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழையில் கடக்வாஸ்லா நிரம்பியதும் மிகுதியான நீர் முட்டா ஆற்றில் திறந்துவிடப்படுகிறது. 2024 ஜூலையில் அவ்வாறு திறந்துவிடப்பட்டபோது கரையோரக் குடியிருப்புகளில் நீர் புகுந்தது. அத்தகைய வெள்ளம் படுகையைக் கழுவிச் செல்லும் என்பது உண்மையே. ஆனால் கழுவப்பட்டது எங்கே செல்லுகிறது? உஜனி போன்ற தேக்கங்களில் நீரின் வேகம் குறைவதால், அங்கே அது மீண்டும் படிகிறது. அத்தேக்கத்தில் மீன் பிடித்து வாழ்வோரும், அதன் நீரைக் கரும்புக்குப் பாய்ச்சுவோரும், அதனையே குடிநீராகக் கொள்ளும் ஊராரும் பலர்.

இதிலிருந்து களப் பணியாளர்கள் அறியத்தக்கது யாதெனில், ஓடைகளையும் கரைகளையும் சுத்தம் செய்ய ஏற்ற காலம் மழைக்கு முந்திய ஏப்ரல், மே மாதங்களே. வெள்ளத்திற்குப்பின் செய்யப்படும் சுத்தம் கண்ணுக்கு அழகு தருமேயன்றி, கீழ்நிலத்தார்க்குப் பயன் தராது.

இந்திய நீர்நிலைகளில் கண்டவை

கேரளத்து வேம்பநாட்டு ஏரியின் அடிமண்ணில் சதுர மீட்டருக்குச் சராசரி 250-க்கும் மேற்பட்ட துகள்கள் இருப்பது 2017-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியால் தெரிந்தது. சென்னையையடுத்த செங்குன்றம் ஏரியின் நீரில் லிட்டருக்குச் சராசரி 5.9 துகள்களும், அடிமண்ணில் கிலோவுக்கு 27 துகள்களும் காணப்பட்டமை 2020-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. பூண்டிக்கு வரும் கிருஷ்ணா நீர் செங்குன்றத்திற்கும் அனுப்பப்படுவதுண்டு. எனினும், அங்குக் கண்ட துகள்கள் புனேயிலிருந்து வந்தவை எனக் கொள்ளுதல் தவறு. இடையிலுள்ள பல தேக்கங்கள் துகள்களைப் படியச் செய்கின்றன. ஏரியைச் சூழ்ந்த ஊர்களும் தத்தம் பங்கைச் சேர்க்கின்றன. ஒவ்வோர் ஊரும் மற்றோர் ஊருக்கு மேல்நிலமாக இருக்கிறது என்பதே இங்கு உணரத்தக்கது.

பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தினர் 2018-ஆம் ஆண்டில் இந்தியக் கடல் உப்பு வகைகளை ஆராய்ந்து, அவற்றிலும் இத்துகள்கள் இருப்பதைக் கண்டனர். கடல்நீரை எளிய மணல் வடிகட்டியில் செலுத்தினால், எடையளவில் 85 சதவீதத்திற்கு மேல் நீக்கிவிடலாம் என்பதையும் அவர்கள் காட்டினர்.

உடல்நலத்திற்குத் தீங்கு உண்டா?

இவ்விஷயத்தில் மிகைப்படுத்தாமலும் அலட்சியம் செய்யாமலும் பேசுவது ஆசிரியரின் கடமையாகும். குடிநீரிலுள்ள நுண்பிளாஸ்டிக் பற்றி உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, உறுதியான முடிவுக்கு வரப் போதிய சான்று இல்லை என்றும், மேலும் ஆராய்ச்சி தேவை என்றும் கூறிற்று. 2022-ஆம் ஆண்டில் நெதர்லாந்து விஞ்ஞானிகள் 22 பேருடைய இரத்தத்தைச் சோதித்ததில், 17 பேரிடம் பிளாஸ்டிக் காணப்பட்டது. 2024-ஆம் ஆண்டில் இத்தாலியில் கழுத்து இரத்தக்குழாயில் படிந்த கொழுப்பை அறுவைச் சிகிச்சையால் நீக்கிக்கொண்ட 257 நோயாளிகளை ஆராய்ந்தபோது, 150 பேரின் கொழுப்புப் படிவில் பாலிதீன் துகள்கள் இருந்தன. அவ்வாறிருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவை நேரும் வாய்ப்பு மற்றவர்களைக் காட்டிலும் ஏறக்குறைய நாலரை மடங்காக இருந்தது. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பதே இதனால் பெறப்படும். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. எனினும், ஒரு முறை நீரில் கலந்தபின் திரும்பப் பெற இயலாத பொருளாதலின், இறுதிச் சான்று வரும்வரை காத்திருப்பது அறிவுடைமையாகாது.

சுத்திகரிப்பு நிலையம் செய்வதும் செய்யாததும்

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் நுண்பிளாஸ்டிக்கை நீக்குவதற்காக அமைக்கப்பட்டவையல்ல. ஆயினும் அவை பெரும்பகுதியை நீக்கிவிடுகின்றன. ஸ்காத்லாந்தில் கிளாஸ்கோ நகருக்கருகிலுள்ள ஒரு நிலையத்தில், உள்ளே வரும் நீரில் லிட்டருக்கு 15.7 ஆக இருந்த துகள்கள், வெளியேறும் நீரில் 0.25 ஆகக் குறைந்தன என 2016-ஆம் ஆண்டில் அளந்தறியப்பட்டது. இது 98 சதவீதத்திற்கு மேற்பட்ட நீக்கமாகும். ஆனால் அந்நிலையம் நாள்தோறும் வெளிவிடும் நீர் ஏறக்குறைய 26 கோடி லிட்டர். ஆகவே, நாளொன்றுக்கு 6.5 கோடித் துகள்கள் ஆற்றைச் சேர்ந்தன. சதவீதத்தை மட்டும் நோக்கி மகிழ்வது போதாது என்பதற்கு இது தக்க உதாரணம்.

புனேயில் முளா–முட்டா ஆற்றின் மாசைக் குறைக்க, ஜப்பானியக் கடனுதவியுடன் 11 புதிய சுத்திகரிப்பு நிலையங்களை அமைக்கும் திட்டம் 2016-ஆம் ஆண்டில் உடன்படிக்கையாயிற்று. சுத்திகரிக்கப்படாத சாக்கடை ஆற்றில் கலப்பதைத் தடுப்பதே அத்திட்டத்தின் நோக்கமாயினும், நுண்பிளாஸ்டிக்கைக் குறைப்பதிலும் அத்தகைய நிலையங்களுக்குப் பங்கு உண்டு. சாதாரணச் சுத்திகரிப்புக்குப்பின் மற்றும் ஒரு வடிகட்டலைச் சேர்ப்பின் பயன் இன்னும் மிகும். பின்லாந்து நாட்டில் செய்யப்பட்டு 2017-ஆம் ஆண்டில் வெளியான பரிசோதனைகளில், விரைவு மணல் வடிகட்டி 97 சதவீதமும், சவ்வு வடிகட்டியுடன் இணைந்த உயிரியல் தொட்டி 99.9 சதவீதமும் நீக்கின.

நீரிலிருந்து நீங்கிய துகள்கள் எங்கே செல்லுகின்றன என்னும் கேள்வி பலருக்குத் தோன்றுவதில்லை. அவை அழிவதில்லை, நிலையத்தின் அடியில் சேரும் கழிவுச் சேற்றில் தங்குகின்றன. அச்சேறு உலர்த்தப்பட்டு உரமாக வயலில் இடப்படும்பொழுது, துகள்களும் வயலை அடைகின்றன. இவ்வழியாக ஐரோப்பிய விளைநிலங்களில் ஆண்டுதோறும் 63,000 முதல் 4,30,000 டன் வரை சேரக்கூடும் என 2016-ஆம் ஆண்டில் மதிப்பிடப்பட்டது. ஆகவே, வேளாண்மைப் பணியாளர்கள் கழிவுச் சேற்றை உரமாகப் பரிந்துரைக்கும் முன், அது எவ்வாறு பதப்படுத்தப்பட்டது என்பதைக் கேட்டறிதல் வேண்டும். கால்நடை எருவும் பிரித்தெடுத்த சமையற் கழிவின் கம்போஸ்ட்டும் கிடைக்குமிடத்தில் அவற்றையே முதலிற் கொள்ளுதல் நன்று.

பரிகாரங்கள்

புனே நகரத்திலேயே ஓர் ஒப்புமை உண்டு. பிள்ளையார் சதுர்த்தியில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் செய்யப்பட்ட சிலைகளை ஆற்றில் கரைப்பதால் உண்டாகும் மாசைத் தவிர்க்க, அந்நகரிலுள்ள தேசீய இரசாயன ஆராய்ச்சிச்சாலை ஒரு முறையை வகுத்தது. 1950 ஜனவரி 3-ஆம் நாள் ஜவஹர்லால் நேருவால் திறந்துவைக்கப்பட்ட சாலை அது. வீட்டிலேயே ஒரு வாளியில் அம்மோனியம் பைகார்பனேட் கரைத்த நீரில் சிலையை அமிழ்த்திவைத்தால், அது கால்சியம் கார்பனேட்டாகவும், உரமாகப் பயன்படும் அம்மோனியம் சல்பேட்டாகவும் மாறிவிடுகிறது. 2016-ஆம் ஆண்டளவில் இம்முறை நகரத்தில் பரவலாக மேற்கொள்ளப்பட்டது. ஆற்றில் செய்ய இயலாததை வாளியில் செய்ய முடிந்தது. பிளாஸ்டிக்கை இவ்வாறு கரைக்க வாளி ஏதும் இல்லை. ஆனால் கொள்கை ஒன்றே: தீர்வு ஆற்றில் அன்று, வீட்டிலும் தெருவிலுமே தொடங்க வேண்டும்.

முதற் பரிகாரம், முழுப் பொருளைச் சேகரித்தல். புனேயில் குப்பை பொறுக்கும் தொழிலாளர்கள் 1993-ஆம் ஆண்டில் காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத் என்னும் சங்கத்தை அமைத்தனர். அதன் தொடர்ச்சியாக, தொழிலாளர்களே உரிமையாளர்களாக உள்ள ஸ்வச் என்னும் கூட்டுறவு நிறுவனம் தோன்றி, 2008-ஆம் ஆண்டு முதல் மாநகராட்சியுடன் உடன்படிக்கை செய்துகொண்டு, வீடு வீடாகச் சென்று குப்பையைப் பெற்றுத் தரம் பிரித்து வருகிறது. உறுப்பினரில் பெரும்பாலோர் பெண்கள். எந்த வடிகட்டியும் பிடிக்கும் முன், பிளாஸ்டிக்கை அதன் முழு உருவில் பிடிப்பவர்கள் இவர்களே. சமையற் கழிவோடு கலவாமல் உலர்ந்த குப்பையைத் தனியே கொடுப்பது இவர்களுடைய உழைப்பைக் குறைப்பதுடன், ஆற்றையும் காக்கிறது.

இங்கு ஒரு குறையையும் கூற வேண்டும். புட்டிகளுக்கும் கனமான டப்பாக்களுக்கும் பழைய பொருள் வியாபாரியிடம் விலை உண்டு; ஆதலின் அவை தெருவில் கிடப்பதில்லை. பல படலங்கள் ஒட்டிய தின்பண்ட உறைகளுக்கும் மிக மெல்லிய பைகளுக்கும் விலை இல்லை. ஆதலின் அவை விடப்படுகின்றன. ஆற்றை அடைந்து பொடியாவன பெரும்பாலும் இவையே. பையின் கனத்திற்குச் சட்டம் வரம்பு விதித்ததன் காரணமும் இதனால் விளங்கும். பொருள் வாங்கிச் செல்லும் பிளாஸ்டிக் பை, 2021 செப்டம்பர் 30 முதல் 75 மைக்ரானுக்கும், 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்கும் குறையலாகாது என மத்திய அரசின் விதிகள் கூறுகின்றன. கனத்த பை பலமுறை பயன்படும், எடை மிகுதியால் பழைய பொருளாகவும் விலைபோகும், எளிதில் நொறுங்காது. மகாராஷ்டிர அரசு 2018-ஆம் ஆண்டிலேயே பைகளுக்கும் தெர்மோகோல் சாமான்களுக்கும் தடை விதித்தது. ஒரு முறை பயன்படுத்தி எறியும் குறிப்பிட்ட சாமான்கள் 2022 ஜூலை 1 முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்டன.

இரண்டாம் பரிகாரம், துவைக்கும் இடத்தில் இழைகளைக் குறைத்தல். செயற்கை ஆடைகளை வேண்டியபொழுது மட்டும் குளிர்ந்த நீரில், இயந்திரம் நிறையத் துணியிட்டுத் துவைத்தால் உராய்வு குறைந்து இழை உதிர்தலும் குறையும். இயந்திரத்தின் வடிகட்டியில் சேரும் பஞ்சைச் சாக்கடையில் கழுவிவிடாமல், உலர்த்திக் குப்பையில் சேர்க்க வேண்டும்.

மூன்றாம் பரிகாரம், ஓடைகளின் வாயில் கம்பி வலையும் குப்பை தடுப்பும் அமைத்து, மழைக்கு முன்னரும் மழையின் இடையிலும் அவற்றைத் தவறாது வாருதல். வாராத வலை, வலையில்லாததற்கு ஒப்பாகும்.

நான்காம் பரிகாரம், குடிநீரில் எஞ்சியவற்றைக் குறைத்தல். கால்சியம் மிகுந்த கடின நீரைக் கொதிக்கவைத்தால், படியும் சுண்ணாம்பு துகள்களைத் தன்னுள் சிறைப்படுத்திக்கொள்ளுகிறது. ஆறியபின் வடிகட்டினால் 90 சதவீதம் வரை நீக்கலாம் எனச் சீன விஞ்ஞானிகள் 2024-ஆம் ஆண்டில் காட்டினர். மென்னீரில் இப்பயன் மிகவும் குறைவு. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தினர் துகள்களைப் பற்றிக்கொண்டு புறஊதா ஒளியில் சிதைக்கும் ஒருவகை நீர்க்கூழை 2024-ஆம் ஆண்டில் உருவாக்கினர். இத்தகைய ஆராய்ச்சிகள் நம்பிக்கை தருபவை. எனினும் ஓர் ஆறு முழுவதற்கும் அவற்றைப் பிரயோகிப்பது வேறு விஷயம்.

பள்ளியில் செய்யத்தக்க பரிசோதனை

ஆற்றங்கரை மணலிலிருந்து நுண்பிளாஸ்டிக்கைப் பிரிக்க, உப்புக் கரைசல் ஒன்றே போதும். நிறைவுற்ற உப்புக் கரைசலின் அடர்த்தி ஏறக்குறைய 1.2. பாலிதீன், பாலிபுரொப்பிலீன், பாலிஸ்டைரீன், நைலான் ஆகியவை இதைவிடக் குறைந்த அடர்த்தியுடையனவாதலின் மிதக்கும், மணல் அமிழும்.

1. வெள்ளம் வந்து நின்ற எல்லைக் கோட்டிலிருந்து, கரையில் நின்றவாறே, உலர்ந்த மணலை உலோகக் கரண்டியால் எடுக்க வேண்டும். சாக்கடை கலக்குமிடத்தையும் ஓடும் நீரையும் தவிர்க்க வேண்டும். முடிவில் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

2. ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 360 கிராம் உப்பைக் கரைத்து, அக்கரைசலை வடிதாளில் வடிகட்டிக்கொள்ள வேண்டும். உப்பிலேயே துகள்கள் இருக்கக்கூடும் என்பதை மறத்தலாகாது.

3. 200 கிராம் மணலைக் கண்ணாடிப் பாத்திரத்தில் இட்டுக் கரைசலை ஊற்றி, இரண்டு நிமிஷம் கலக்கி, மூடி, ஒரு மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும்.

4. மேல்நீரை மெதுவாக மற்றொரு வடிதாளில் ஊற்றி, உலர்த்தி, கைலென்ஸால் நோக்க வேண்டும். ஒரே நிறமும், முழு நீளத்திற்கும் ஒரே பருமனும் உடைய இழைகள், ஊசியால் அழுத்தினால் பொடியாகாத துணுக்குகள் ஆகியவை பிளாஸ்டிக்காக இருக்கக்கூடும். ஐயமுள்ளவற்றை ஆசிரியர் மட்டும், காற்றோட்டமுள்ள இடத்தில், சூடேற்றிய ஊசி நுனியால் தொட்டுப் பார்க்கலாம். பல வகைப் பிளாஸ்டிக்குகள் உருகும் அல்லது சுருளும். இலையும் மரமும் கருகும்.

5. மணல் சேர்க்காத கரைசலை மட்டும் இவ்வாறே சோதித்து, அதில் கண்ட எண்ணிக்கையை முன்னதிலிருந்து கழிக்க வேண்டும். காற்றிலும் ஆடையிலும் இருந்து விழும் இழைகளால் நேரும் பிழை இதனால் நீங்கும். சோதிப்பவர் பருத்தி ஆடை அணிவது உசிதம்.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. குடிநீர்ப் புட்டிகள் செய்யும் பாலியெஸ்டர் வகைப் பிளாஸ்டிக்கின் அடர்த்தி ஏறக்குறைய 1.38, அது மிதவாது. கண்ணுக்கும் லென்ஸுக்கும் எட்டாதவையும் தப்பிவிடும். ஆகவே, கிடைக்கும் எண் உண்மையைவிடக் குறைந்ததே என மாணாக்கர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும். அதே இடத்தில் மே மாதத்தில் ஒரு முறையும் அக்டோபரில் ஒரு முறையும் சோதித்து, ஆண்டுதோறும் பதிவு செய்துவரும் பள்ளி, தன் ஊருக்குப் பயன்படும் ஓர் ஆவணத்தை உண்டாக்கியதாகும்.

முடிவுரை

ஆற்றை மாசிலிருந்து காக்கப் பெரும் பொருட்செலவில் நிலையங்கள் அமைக்கப்படுகின்றன, அவை இன்றியமையாதவை. ஆனால் நுண்பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை, ஒரு பையை ஓடையில் விழுமுன் எடுக்கும் கை செய்யும் வேலையை, அதே பை பல லட்சம் துகள்களாகிய பின் எந்த இயந்திரமும் முழுமையாகச் செய்ய இயலாது. கிராமத்திலும் நகரத்திலும் இதனை விளக்கிக் கூறி, மழைக்கு முன் ஓடைகளைச் சுத்தம் செய்வித்து, உலர்ந்த குப்பையைப் பிரித்துக் கொடுக்கும் பழக்கத்தை உண்டாக்கும் பணியாளரும் ஆசிரியரும், தாம் காணாத கீழ்நிலத்து மக்களுக்கும் உதவி செய்பவராவர்.

மாணாக்கர்களுக்கான வினாக்கள்

1. இலை மக்குவதற்கும் பிளாஸ்டிக் சிதைவதற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. இரண்டு ஸெண்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தை ஒரு மில்லிமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால், எத்தனை துண்டுகள் கிடைக்கும்? மேற்பரப்பு எத்தனை மடங்காகும்?
3. 98 சதவீதம் நீக்கிய பின்னும் கிளாஸ்கோ நிலையத்திலிருந்து கோடிக்கணக்கான துகள்கள் வெளியேறியது எவ்வாறு?
4. சுத்திகரிப்பு நிலையத்தில் நீங்கிய துகள்கள் எங்கே தங்குகின்றன? அதனால் உழவர் கவனிக்க வேண்டியது யாது?
5. உம்முடைய ஊரின் ஓடை எந்த ஆற்றில் சேருகிறது? அவ்வாற்றின் கீழ்நிலத்தில் அதன் நீரைக் குடிக்கும் ஊர்கள் யாவை?